சைக்கிள் வாங்கலாம், ஓட்டுவது எங்கே?

புது தில்லி: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவைக்குச் சைக்கிளில் வந்தால் அது செய்தியாகிறது. அர்ஜுன் ராம் மேக்வால், மன்சுக் மாண்டவியா ஆகியோர் சைக்கிளில் வந்திறங்கிய படங்கள் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வெளிவந்திருக்கின்றன. பெட்ரோல், டீசல் விலை உயர்வைக் கண்டித்து 2021 ஆகஸ்ட் 3 அன்று ராகுல் காந்தி தலைமையில் எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்துக்குச் சைக்கிள் மிதித்ததும் முதல் பக்கச் செய்தியானது. 1973இல் இதே காரணத்துக்காக வாஜ்பாய் மாட்டு வண்டியில் வந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு இது புதிதாகத் தோன்றியிராது.

தலைநகரில் பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிக்கும் தொழிலாளியை எவரும் படம் எடுப்பதில்லை. காவலாளி, கட்டடத் தொழிலாளி, பால்காரர், ஆலைத் தொழிலாளி என அந்தக் கூட்டம் பெரிது. போராட்டத்துக்காக மிதிப்போர், பிழைப்புக்காக மிதிப்போர் ஆகிய இவ்விரு தரப்புக்கும் நடுவே மூன்றாவது தரப்பு ஒன்று வளர்ந்து வருகிறது. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் காற்று வாங்கியபடி சுற்றி வரலாம், மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியும் ஆகிவிடும், பிள்ளையையும் உடன் அழைத்துப் போகலாம் என்று எண்ணும் நடுத்தரக் குடும்பத்தினர் அவர்கள். இவர்கள் கையில் இருப்பது ஐயாயிரம், மிஞ்சினால் எட்டாயிரம் ரூபாய். பந்தயத்தில் ஓடவோ மலையேறவோ இவர்களுக்கு எண்ணமில்லை. இவர்களுக்கு உகந்த சைக்கிள் இந்தியாவில் தயாராகிறது. ஆனால் கடையில் முன்வரிசையில் நிற்பது அதுவன்று.

வரி சொல்லும் கதை

சைக்கிளை அரசு எப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்பதை வரி விகிதத்தைக் கொண்டே அறியலாம். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது சைக்கிளுக்கு 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனங்களுக்கான வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, பல லட்சம் ரூபாய் கொடுத்து மின்சாரக் கார் வாங்கியவர் 5 சதவீத வரி செலுத்த, ஐயாயிரம் ரூபாய்க்குச் சைக்கிள் வாங்கியவர் 12 சதவீத வரி செலுத்தினார். புகை விடாத வாகனத்தை ஊக்குவிப்பதே நோக்கம் என்று அப்போது சொல்லப்பட்டது. சைக்கிள் எந்தக் காலத்தில் புகை விட்டது என்று கேட்கும் ஆள் இல்லாமல் போனது.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் இந்த முரணைச் சரி செய்தது. சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வரிக்கு முந்தைய விலை 5,000 ரூபாய் என்றால், முன்பு 5,600 ரூபாய் கொடுத்தவர் இப்போது 5,250 ரூபாய் கொடுத்தால் போதும். மிச்சமாகும் 350 ரூபாயில் ஒரு பூட்டும் மணியும் வாங்கிவிடலாம். இந்த மிச்சம் வாங்குவோரின் கைக்கு முழுதாக வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி. அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலை ஒன்றாகவும் கடைக்காரர் கேட்கும் விலை வேறொன்றாகவும் இருக்கும் வணிகம் இது. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்டு மகிழ்வதைக் காட்டிலும், வரி உட்பட இறுதி விலை என்ன, அதில் ஸ்டாண்டும் மட்கார்டும் சேர்த்தியா என்று கேட்பதே பயன் தரும்.

அனுமன் சிலைக்கு அருகில்

தில்லியில் சைக்கிள் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் சென்று சேரும் இடம் ஜண்டேவாலான். மெட்ரோ ரயிலில் வருவோர் 108 அடி உயர அனுமன் சிலையை அடையாளமாக வைத்துக்கொள்வர். அரசியல் வாசகர்களுக்கு ஆர்.எஸ்.எஸ். அலுவலகமான கேசவ குஞ்ச் அமைந்துள்ள இடம் என்ற வகையில் அந்தப் பெயர் பரிச்சயம். தில்லிக் குடும்பங்களுக்கோ அது சைக்கிள் சந்தை. மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் அருகருகே நடக்கும் அங்கே கடைகளின் முன் நடைபாதை தெரியாத அளவுக்குச் சைக்கிள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

முன்வரிசையில் நிற்பவற்றைப் பார்த்தால் இது சைக்கிள் கடையா, மோட்டார் சைக்கிள் கடையா என்ற மயக்கம் வரும். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், தடித்த டயர், சட்டத்தின் மீது கண்ணைப் பறிக்கும் எழுத்துகள், 21 கியர் என்ற அறிவிப்பு. இவை அத்தனையும் இருந்தும் விலை பத்தாயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. வாங்க வருபவருக்கு இது பெரும் லாபமாகத் தோன்றுவது இயற்கையே.

சைக்கிள் தொழிலை அறிந்தவர்களின் கணக்கு வேறு. பத்தாயிரம் ரூபாய் விலைக்குள் இத்தனை உறுப்புகளையும் பொருத்த வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பும் மலிவானதாக இருந்தாக வேண்டும். நல்ல அதிர்வு தாங்கியின் உள்ளே துள்ளலை அடக்கும் அமைப்பு உண்டு. மலிவானதில் இருப்பது வெறும் ஸ்பிரிங் மட்டுமே. பள்ளத்தில் இறங்கினால் அது அமுங்கும், பிறகு துள்ளும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது காலின் விசையில் ஒரு பகுதியையும் அது விழுங்கிவிடும். மிதிப்பவரை முன்னே தள்ள வேண்டிய பலம் சைக்கிளை மேலும் கீழும் ஆட்டுவதில் செலவாகிறது. எடையும் கூடிவிடுகிறது. இரும்புச் சட்டத்தில் இருபக்க ஸ்பிரிங்குடன் வரும் சைக்கிள் 18 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நான்கு அங்குல அகல டயர் கொண்டதென்றால் 20 கிலோவையும் மிஞ்சும். மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் இதைத் தினமும் தூக்கி இறங்கிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

டிஸ்க் பிரேக்கின் கதையும் அதுவே. மழையிலும் சேற்றிலும் அது நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மலிவு ரகத்தில் தட்டு சற்றே வளைந்தால் போதும், சக்கரம் சுற்றும்போதெல்லாம் உரசும் ஓசை ஓயாது. அதன் பட்டையைத் தேடி நகரத்தின் பெரிய கடைக்குத்தான் போக வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக்கின் ரப்பர் கட்டையோ எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும், சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

கியர் விஷயத்தில் தில்லிவாசிகள் இன்னும் நிதானமாக யோசிக்கலாம். 21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு பல்சக்கரம் என்பதன் பெருக்குத் தொகை. அவற்றுள் பல ஒன்றையொன்று ஒத்த விகிதங்களே. ரைசினா குன்றின் சரிவையும் மேம்பாலங்களையும் தவிர்த்தால் புது தில்லியின் பெரும்பகுதி சமதளம். அங்கே இரண்டு மூன்று கியருக்கு மேல் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. சிம்லாவிலோ டேராடூனிலோ வசிப்பவருக்குக் கியர் அவசியத் தேவை. தில்லி, லக்னோ, பாட்னா போன்ற சமவெளி நகரங்களில் காலை உலாவுக்கு ஒற்றை வேகச் சைக்கிளே போதுமானது. கியர் இல்லாவிட்டால் கம்பி தளர்வது, செயின் கழல்வது, பல்சக்கரம் தேய்வது ஆகிய தொல்லைகளும் பாதியாகக் குறையும்.

பின்வரிசையில் நிற்பது

ஆக, குறைந்த விலையில் வாங்க விரும்புவோர் கடைக்காரரிடம் பின்வரிசையில் நிற்பதைக் காட்டச் சொல்வது நல்லது. ஸ்பிரிங் இல்லாத முன் கவை, ஒற்றை வேகம், சாதாரண பிரேக், ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகல டயர், 26 அங்குலச் சக்கரம். இந்த அமைப்பில் உத்தேசமாக ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல சைக்கிள்கள் உண்டு. பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அதே விலையில் ஸ்பிரிங்குக்கும் டிஸ்க்குக்கும் போயிருக்கும் பணம், இதில் சட்டத்துக்கும் ரிம்முக்கும் அச்சின் குண்டுமணிகளுக்கும் சென்றிருக்க வாய்ப்புண்டு. சைக்கிளின் ஆயுளைத் தீர்மானிப்பவை இவைதான். 26 அங்குல டியூப் நாடு முழுவதும் பஞ்சர் கடைகளில் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

கையில் இன்னும் சில ஆயிரம் இருந்தால் அலுமினியக் கலவைச் சட்டம் கொண்டதைப் பார்க்கலாம். எடை குறையும், துருப் பிடிக்காது. பத்தாயிரத்துக்குள் எல்லாம் வேண்டும் என்று நினைப்பவர்தான் ஏமாறுகிறார்.

விலையை விடவும் முக்கியமானது அளவு. நம் குடும்பங்களில் செருப்பு வாங்கும்போதுகூடப் போட்டுப் பார்க்கிறார்கள், சைக்கிளுக்கு அது இல்லை. பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது இந்தியப் பெற்றோரின் பழக்கம். கால் எட்டாத சைக்கிளில் பிள்ளை ஓட்டப் பழகுவதற்குள் விழப் பழகிவிடுகிறான். சட்டத்தின் மேல் தண்டுக்கு இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக வேண்டும், முழுதாக விறைக்கக் கூடாது. தில்லித் தெருக்களில் பெரியவர்கள்கூட முழங்காலை மார்புவரை உயர்த்தி மிதிப்பதைக் காணலாம். இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்தினால் தீரும் முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுவோரும் அவர்களில் இருப்பர். சேலை உடுத்துவோர், முதியோர் ஆகியோருக்கு மேல் தண்டு தாழ்ந்த சைக்கிளே ஏற்றது. அதைப் பெண்கள் சைக்கிள் என்று ஒதுக்கும் ஆண்கள், காலைத் தூக்கிப் போட முடியாத வயதில் சைக்கிளையே கைவிடுகின்றனர்.

இணையத்தில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் வருவது முழுச் சைக்கிள் அல்ல. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், இருக்கை ஆகியவற்றை வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். பிரேக்கையும் அவரே சரி செய்ய வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்புவது என்பதை அறியாமல் பலம் கொண்டு முறுக்கி, கிராங்கின் மரையை அழித்தவர்கள் உண்டு. சில நூறு ரூபாய் கொடுத்து மெக்கானிக்கிடம் விடுவதே மிச்சம். கடையில் வாங்கினாலும் முதல் மாதத்தில் பிரேக் கம்பி நீளும், ஆரக்கம்பிகள் தளரும், சக்கரத்தில் கோட்டம் விழும். அப்போது ஒருமுறை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் பிறகு நெடுநாள் தொல்லை இல்லை. அந்த முதல் பராமரிப்பைக் கடைக்காரர் இலவசமாகச் செய்வாரா என்பதை விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

லூதியாணாவும் சாஹிபாபாதும்

கடையில் இப்படி ஒரு நிலை ஏன் என்பதற்கு விடை லூதியாணாவில் இருக்கிறது. சைக்கிள் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இந்தியாவில், அந்தத் தொழிலின் தலைநகர் பஞ்சாபின் அந்த நகரம்தான். தேசப் பிரிவினைக்கு முன் இன்றைய பாகிஸ்தானில் உள்ள கமாலியாவில் வாழ்ந்த முஞ்சால் சகோதரர்கள் 1956இல் அங்கே தொடங்கிய ஹீரோ சைக்கிள்ஸ், உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் என 1986இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் சைக்கிள் தயாரித்த சென்னையின் டி.ஐ. நிறுவனம் அதற்கும் முன்பே, 1949இல் தோன்றியது.

இந்த ஆலைகளைப் பல ஆண்டுகளாகத் தாங்கி நிற்பதில் மாநில அரசுகளின் இலவச சைக்கிள் திட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. தமிழகத்தில் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவான திட்டம், பிகாரில் 2006இல் நிதிஷ் குமார் அரசு மாணவியருக்காகக் கொண்டுவந்த திட்டம், மேற்கு வங்கத்தில் 2015இல் தொடங்கிய சபுஜ் சாத்தி ஆகியவை அவற்றுள் சில. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்ததில் இத்திட்டங்களின் பங்கை எந்தக் கட்சியும் மறுக்காது. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்பதால் அந்தச் சைக்கிளில் ஆலைக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். லாபம் தருவது கடைகளில் விற்கும் பகட்டுச் சைக்கிளே. எனவே விளம்பரமும் வண்ணமும் அதற்கே போகின்றன. இடைப்பட்ட எளிய சைக்கிளுக்கு வக்காலத்து வாங்க ஆலையிலும் ஆளில்லை, அரசிலும் ஆளில்லை.

2020ஆம் ஆண்டு இந்தத் தொழிலின் விசித்திரத்தை வெளிச்சமிட்டது. பொது முடக்கத்தில் ரயிலும் பேருந்தும் நின்றபோது பிகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் சேர்ந்த தொழிலாளர்கள் மீதமிருந்த பணத்தில் சைக்கிள் வாங்கி, பல நூறு கிலோமீட்டர் மிதித்து ஊர் சேர்ந்தனர். அதே ஆண்டின் பிற்பகுதியில், உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டதால் நடுத்தர வர்க்கம் சைக்கிளுக்குத் திரும்பி, கியர் சைக்கிளுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, தில்லியின் எல்லையை ஒட்டிய சாஹிபாபாதில் அட்லஸ் சைக்கிள் ஆலை நிதி நெருக்கடியால் உற்பத்தியை நிறுத்தியது. அந்த அறிவிப்பு ஒட்டப்பட்ட நாள் ஜூன் 3. ஐ.நா. சபை அறிவித்த உலக மிதிவண்டி நாள் அது.

வாங்கியதை ஓட்ட

நல்ல சைக்கிளைத் தேர்ந்து வாங்கியவருக்கு அடுத்த சிக்கல் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. தில்லியில் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டும் காலமே குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை நச்சுப் புகை மூட்டம், ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில், அதன் பின் மழையும் தேங்கும் நீரும். பிப்ரவரி, மார்ச், அக்டோபர் மாதங்களின் விடியற்காலைகளே எஞ்சுகின்றன. அப்போது கர்த்தவ்ய பாதையைச் சுற்றிய அகன்ற சாலைகளில் சைக்கிள்கள் சாரிசாரியாகச் செல்வதைக் காணலாம். எட்டு மணிக்குள் கார்கள் வந்துவிடும், அத்துடன் அது முடிந்தது. புது தில்லியின் அகன்ற சாலைகளுக்கு அருகில் வசிப்போர் யார், யமுனைக்கு அப்பால் நெரிசலில் வசிப்போர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எட்டாயிரம் ரூபாய் சைக்கிள் வாங்குபவர் பெரும்பாலும் இரண்டாவது வகையினர்.

கொள்கை இல்லாமல் இல்லை. சாலையில் முன்னுரிமை வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே என்று 2006இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்தது. 2008இல் தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை அமைந்த விரைவுப் பேருந்துத் தடத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை இருந்தது. கார் வைத்திருப்போரின் கோபத்துக்கு ஆளான அந்தத் தடத்தை அகற்ற ஆம் ஆத்மி அரசு 2015இல் முடிவெடுத்தது. பேருந்துத் தடத்துடன் சைக்கிள் பாதையும் போனது. தலைநகரில் 200 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை அமைக்கும் டிடிஏ திட்டத்துக்கு 2020 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஐந்தாண்டுகளில் அது முழுமை பெறவில்லை.

அண்டை மாநிலத்தின் கதை அரசியல் நோக்கர்களுக்குச் சுவையானது. சைக்கிளைத் தேர்தல் சின்னமாகக் கொண்ட சமாஜவாதி கட்சியின் ஆட்சியில் அகிலேஷ் யாதவ், லக்னோவிலும் நொய்டாவிலும் சைக்கிள் பாதைகள் அமைத்தார். எடாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் நீளச் சைக்கிள் நெடும்பாதையும் 2016 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் ஆட்சி மாறியது. போக்குவரத்துக்கு இடையூறான சைக்கிள் பாதைகள் அகற்றப்படும் என்று புதிய அரசு பேசத் தொடங்கியது. பாதையை மக்களுக்கு உரியதாகப் பார்க்காமல் எதிர்க்கட்சியின் சுவரொட்டியாகப் பார்த்ததன் விளைவு இது. ஆந்திரத்தில் தெலுங்கு தேசமும் 1996 தமிழகத் தேர்தலில் மூப்பனாரின் த.மா.கா.வும் இதே சின்னத்தில் வென்றவை. சின்னத்துக்கு விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அச்சின்னம் ஓட நாட்டில் போடப்பட்ட பாதையின் நீளம் சொற்பம்.

நாடு முழுவதும் சைக்கிள் பாதை அமைக்க உத்தரவிடக் கோரிய மனு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவே மாநிலங்களிடம் பணம் இல்லாத நிலையில் இது பகற்கனவு என்ற பொருளில் நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தனர். வீடில்லாத ஏழைகளில் எத்தனையோ பேர் வேலைக்குப் போவதே சைக்கிளில்தான் என்பது அந்த விவாதத்தில் எடுபடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. கார் அல்லது ஜீப் இருந்தது 4.7 சதவீதத்தினரிடம் மட்டுமே.

பாதை வரும் வரை காத்திருக்க விரும்பாதவர் செய்யக்கூடியவை சில உண்டு. பின்புறச் சிவப்பு விளக்கும் முன்புற வெள்ளை விளக்கும் சில நூறு ரூபாய்தான். விடியற்காலையில் கிளம்புவோர் ஹெல்மெட்டுக்கு முன்பாகவே வாங்க வேண்டியவை அவை. ஒளியைத் திருப்பிக் காட்டும் வில்லைகளுக்கு மத்திய அரசு 2020இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்துள்ளது. முன்னும் பின்னும், பெடலிலும் ஆரக்கம்பியிலும் அவை பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று பில். முன்பெல்லாம் சைக்கிளுக்கும் உள்ளாட்சி அமைப்புகள் வரி வசூலித்து ஓர் உலோக வில்லையைக் கொடுக்கும். அந்த வரி போயிற்று, அதனுடன் சைக்கிளுக்கு இருந்த ஒரே அரசுப் பதிவும் போயிற்று. இன்று சைக்கிள் திருடுபோனால் அது தன்னுடையது என்று நிரூபிக்க வாங்கியவரிடம் இருப்பது கடை ரசீது ஒன்றே. பெரும்பாலான சைக்கிள்களில் கிராங்குக்கு அடியில் சட்ட எண் பொறிக்கப்பட்டிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி அந்த எண்ணைப் படித்து, ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ரசீது இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பார் சில கடைக்காரர். அந்த நூறு ரூபாயை விட்டுவிடலாம்.